மருந்து நோய்க்கா, ஆளுக்கா? ஒரு நெடுங்கேள்வியும் கடலூர் வட்டாரத்து விடைகளும்

கடலூர் வட்டாரம் யானைக்கால் நோயின் பழைய இருப்பிடங்களில் ஒன்று. நோயை ஒழிக்க ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 1990-களின் நடுவில் சோதனை முறையில் தொடங்கியது இங்கேதான். ரத்தத்தில் புழு இருக்கிறதா என்று யாரையும் சோதிக்கவில்லை. வீடு தேடி வந்த ஊழியர் வயதைக் கேட்டார். டி.இ.சி. மருந்து 2 முதல் 5 வயதுவரை 100 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 200, அதற்கு மேல் 300. கர்ப்பிணிகளும் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளும் கடும் நோயாளிகளும் விலக்கு. கணக்கு அவ்வளவுதான்.

இதே மாவட்டத்தில் சிதம்பரத்துப் பக்கம் ஒரு சித்த வைத்தியரிடம் போனால் கதை வேறு. நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், உறக்கம் எப்படி, மலம் எப்படி என்று கேட்பார். ஒரே வயிற்றுவலிக்கு அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று என்று மருந்து மாறலாம்.

மருந்து நோய்க்கா, நோயாளிக்கா? திருக்குறளின் மருந்து அதிகாரமே நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எடைபோடச் சொல்கிறது. கேள்வி அவ்வளவு பழையது. இப்போது மரபணுச் சோதனைகளோடு அது திரும்ப வந்திருப்பதால் புதிது போலத் தோன்றுகிறது. மனிதருக்கு மனிதர் உடல் வேறுபடும் என்பதை எந்தத் தரப்பும் மறுப்பதில்லை. எந்த வேறுபாடு சிகிச்சை முடிவை மாற்ற வேண்டும், எதை ஒரு நல்ல பொதுச் சிகிச்சை முறையே சமாளித்துவிடும் என்பதில்தான் தரப்புகள் பிரிகின்றன. தமிழ்நாட்டின் அனுபவம் இந்த இரண்டாவது பாதிக்கு உலகம் போதிய கவனம் தராத சில சான்றுகளை வைத்திருக்கிறது.

நாடியும் அனுபானமும்

சித்த மருத்துவத்தின் விடை நேரடியானது: உடல்தோறும் வாதம், பித்தம், ஐயம் கலந்திருக்கும் விகிதம் வேறு, எனவே மருந்தும் வேறு. அந்த விகிதத்தை அறிய நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு. சிறுநீரில் விட்ட எண்ணெய்த் துளி எப்படிப் பரவுகிறது என்று பார்க்கும் நெய்க்குறியும், மணிக்கட்டின் சுற்றளவை விரற்கடைக் கணக்கில் அளக்கும் மணிக்கடை நூலும் உண்டு. மருந்து ஒன்றாகவே இருந்தாலும் அனுபானம் மாறும். ஒருவருக்குத் தேனில், இன்னொருவருக்கு நெய்யில், வேறொருவருக்கு வெந்நீரில். பத்தியமும் அப்படியே.

இந்த அமைப்பின் அழகை மறுக்க முடியாது. நோயாளியோடு நேரம் செலவிடுவதை அது கட்டாயமாக்குகிறது. அதுவே பாதி வைத்தியம் என்பார் உண்டு. சிக்கல் அளவையில் இருக்கிறது. ஒரே மணிக்கட்டை இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே பிடித்தால் ஒரே முடிவுக்கு வருவார்களா? வகைப்பாடு நிலையாக இல்லாவிட்டால் அதன்மேல் எழுப்பிய சிகிச்சையின் பலனைச் சோதிக்கவே வழியில்லை. ஆயுர்வேதப் பக்கத்தில் டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகம் 2008 முதல் ஒரு முயற்சி செய்திருக்கிறது. பிரகிருதி எனப்படும் உடல்வகைகளுக்கிடையே ரத்த வேதியியலிலும் மரபணு வெளிப்பாட்டிலும் வேறுபாடுகள் தெரிவதாக அக்குழு வெளியிட்டது. ஆனால் அதில் எடுத்துக்கொண்டவர்கள் ஆரோக்கியமானவர்கள், ஒவ்வொரு வகையின் உச்சத்தில் நிற்பவர்கள். வகை பார்த்துக் கொடுத்த மருந்து, பார்க்காமல் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது என்பது வேறொரு கூற்று; அதற்கு வேறு சான்று வேண்டும்.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020-இல் கபசுரக் குடிநீரும் தெருமுனைகளில் எல்லோருக்கும் ஒரே அண்டாவிலிருந்து வழங்கப்பட்டன. அங்கே நாடி பார்த்தவர் யாருமில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் பொதுக் குணம் ஓங்கி நிற்கும், தடுப்பு மருந்துக்கு வகை பார்க்க வேண்டியதில்லை என்று சித்த மருத்துவர்கள் இதற்கு விடை சொல்லக்கூடும். நியாயமான விடைதான். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலாரும் கரிசலாங்கண்ணியைத் தம்மைச் சார்ந்த அனைவருக்குமே பரிந்துரைத்தார். ஆக, மரபுக்குள்ளேயே பொது விதியும் தனி விதியும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. மரபு மருத்துவம் தனியாளைப் பார்க்கும், அலோபதி கும்பலைப் பார்க்கும் என்ற வழக்கமான பிரிப்பு அவ்வளவு தூரம் செல்லாது.

சராசரியின் வலிமை

எதிர்த் தரப்பின் பிறந்த ஆண்டாக 1948-ஐச் சொல்வதுண்டு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பலிக்கிறதா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, பிராட்ஃபோர்ட் ஹில்லின் வடிவமைப்பில் நடத்திய சோதனை அந்த ஆண்டு வெளியானது. யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை மருத்துவரின் கணிப்புக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். மருத்துவர் தம் அனுபவத்தால் ஆளுக்கேற்ப முடிவெடுக்கிறார் என்ற நம்பிக்கைக்கு அது கடிவாளம் போட்டது. அந்த அனுபவம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதைப் பின்வந்த சோதனைகள் மீண்டும் மீண்டும் காட்டின.

1985-இல் நோய்ப்பரவியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். ஒருவருக்கு ஏன் நோய் வந்தது என்பதும் ஓர் ஊரில் ஏன் இவ்வளவு நோய் என்பதும் இருவேறு கேள்விகள் என்றார் அவர். கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகளை ஒட்டி வாழ்பவர்களை நினைத்தால் அவர் சொன்னதன் எடை புரியும். அங்கே எல்லோரும் சுவாசிப்பது ஒரே காற்று. யாருடைய மரபணு அதைத் தாங்கும் என்று தேடுவதைவிடக் காற்றைச் சரிசெய்வதே முதல் வேலை. ஆளுக்கேற்ற மருத்துவம் பொதுக் காரணங்களிலிருந்து பார்வையைத் தனி உடல்களின் பக்கம் திருப்பிவிடும் என்ற குற்றச்சாட்டின் வேர் இதுதான்.

நிர்வாகத்திலும் சராசரிக்கு ஒரு பலம் உண்டு. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறிப்பிட்ட மருந்துப் பட்டியலை வைத்து மொத்தமாகக் கொள்முதல் செய்ததால்தான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாத்திரை தீராமல் கிடைக்கிறது. பட்டியல் நீள நீள விலையும் தட்டுப்பாடும் ஏறும். இந்த வாதத்தின் உச்சம் பெங்களூரிலிருந்து வழிநடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட பாலிகேப் ஆய்வு: ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் ரத்தம் உறைவதற்குமான ஐந்து மருந்துகள் ஒரே குளிகையில்.

சராசரி வழியின் பலவீனம் பக்கவிளைவுகளில் வெளிப்படுகிறது. டி.இ.சி. உட்கொண்டபின் காய்ச்சலும் உடல்வலியும் அதிகம் வருவது ரத்தத்தில் புழு அதிகம் உள்ளவர்களுக்குத்தான். இங்கே அது பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். ஆப்பிரிக்காவில் லோவா என்ற இன்னொரு புழு மிகுந்தவர்கள் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்தை உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எனவே கேமரூனில், கைப்பேசி நுண்ணோக்கியால் அந்தப் புழு மிகுந்தவர்களை மட்டும் கண்டறிந்து விலக்கிவிட்டு மற்ற அனைவருக்கும் மருந்து கொடுத்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. விலக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். பொதுத் திட்டம் நிலைகுலையாமல் தனியாளைக் கணக்கில் எடுக்க இப்படியும் வழி உண்டு.

சேத்துப்பட்டு தந்த பாடம்

இந்த விவாதத்தின் மிகச் செறிவான அத்தியாயம் எழுதப்பட்டது சென்னையில். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் படுக்கவைத்துத் தரும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தே எடுக்கும் சிகிச்சை குறைந்ததல்ல என்று 1959-இல் நிறுவியதற்காக அந்த மையம் பெயர்பெற்றது. அதன் இன்னொரு ஆய்வு வரிசையைப் பற்றிப் பேச்சு குறைவு.

காசநோய் மருந்தான ஐசோனியாசிடை எல்லோருடைய கல்லீரலும் ஒரே வேகத்தில் சிதைப்பதில்லை. இதைப் பரம்பரை தீர்மானிக்கிறது. 1961-இல் அந்த மையம் வெளியிட்ட ஆய்வின்படி, தென்னிந்திய நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் மெதுவாகச் சிதைப்பவர்கள். மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதால் இவர்களுக்குக் கை கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு அதிகம் வரும். வேகமாகச் சிதைப்பவர்களுக்கு மருந்து சீக்கிரம் தீர்ந்து, கிருமி தப்பிக்கும் அபாயம். மரபணு மருந்தியல் என்ற துறைக்கு ஜெர்மனியின் ஃபோகல் பெயர் சூட்டியது 1959-இல். அதற்கு இரண்டே ஆண்டுகளில் சென்னை ஏழை நோயாளிகளிடையே அதற்கான பாடநூல் உதாரணம் ஒன்றை அளந்து முடித்திருந்தது.

அப்படியானால் ஒவ்வொரு நோயாளியையும் சோதித்து அளவு மாற்றியிருக்க வேண்டுமே? மையம் அந்த வழியில் போகவில்லை. மெதுவாகச் சிதைப்பவர்களின் நரம்புச் சிக்கலைப் பிரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, தடுத்தது, விலையோ அற்பம். வாரம் ஒருமுறை மருந்து தரும் முறையில் வேகமாகச் சிதைப்பவர்கள் பின்தங்கினார்கள். வாரம் இருமுறை கொடுத்தபோது அந்த இடைவெளி பெருமளவு மறைந்தது. மருந்து மெல்ல வெளிவரும் தனி மாத்திரைகளையும் முயன்று பார்த்தார்கள். பின்னர் ரிஃபாம்பிசின் சேர்ந்த கூட்டு மருந்துகள் வந்தபோது, சிதைக்கும் வேகம் நோய் தீருமா தீராதா என்பதைத் தீர்மானிக்கும் காரணியாகப் பெரும்பாலும் நீடிக்கவில்லை.

உண்மையான, அளக்கக்கூடிய, பரம்பரையான ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்த பிறகும், அதைப் பொருட்படுத்த வேண்டிய தேவை எழாதபடி சிகிச்சையை வடிவமைத்ததே அந்த மையத்தின் சாதனை. ஆளுக்கேற்ற மருத்துவத்தைக் கொண்டாடுபவர்கள் இதைத் தோல்வியாகவும் எதிர்ப்பவர்கள் வெற்றியாகவும் படிக்கிறார்கள். இரண்டும் அவசரப் படிப்பு. வேறுபாட்டை அளந்திராவிட்டால் எந்த இடைவெளியில் மருந்து கொடுத்தால் அது மறையும் என்பதும் தெரிந்திருக்காது. அறிவு தனியாள் அளவில் சேர்ந்தது. பயன் பொது விதியாக வந்தது.

கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. 2013-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், மரபணு பார்த்து ஐசோனியாசிட் அளவை மாற்றியபோது கல்லீரல் பாதிப்பும் சிகிச்சைத் தோல்வியும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கேள்வியை மறுபடி திறந்திருக்கிறது. இந்தியத் திட்டம் இப்போது நிற்பது நடுவழியில். தினசரிக் கூட்டு மாத்திரை, உடல் எடைப் பட்டையின்படி: 25 முதல் 34 கிலோவரை 2 மாத்திரை, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை அல்ல, கடையில் அளவு பார்த்து எடுக்கும் ரெடிமேட்.

மரபணு வந்தபின்

கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் புதுச்சேரி ஜிப்மர். அங்கே மருந்தியல் துறையில் ஆதித்தன் தலைமையிலான குழு 2000-களின் தொடக்கத்திலிருந்து தமிழர்களின் மருந்துச் சிதைவு மரபணுக்களை அளந்து வந்திருக்கிறது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் குளோபிடோக்ரல் கல்லீரலில் ஒரு நொதியால் மாறிய பிறகே வேலை செய்யும். அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும் மரபணு வடிவம் ஐரோப்பியரிடம் ஏறக்குறைய 15 விழுக்காடு. தமிழர்களிடமோ மூன்றில் ஒரு பங்கை எட்டும் அளவில். வெளிநாட்டு அளவைகளை அப்படியே இறக்குமதி செய்வது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆனால் வேறுபாட்டை அறிவது வேறு, அறிந்து நடந்தால் பலன் கூடும் என்று நிறுவுவது வேறு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் குளோபிடோக்ரலுக்கு எச்சரிக்கை இட்டது. மரபணு பார்த்து மருந்து மாற்றும் பெரிய சோதனையொன்று 2020-இல் வெளியானபோது, பலன் இருப்பது போலத் தெரிந்தும் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை. இதற்கிடையே அந்த நொதியே தேவைப்படாத டிகாக்ரெலர் வந்துவிட்டது. அதன் விலை இறங்க இறங்கச் சோதனைக்கான தேவையும் குறையும். அதற்கு ரத்தக்கசிவும் மூச்சுத்திணறலும் விலை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். வார்ஃபரின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 2013-இல் ஒரே நேரத்தில் வெளியான இரண்டு சோதனைகளில் ஐரோப்பியச் சோதனை மரபணு வழி நல்லதென்றது. அமெரிக்கச் சோதனை பலனில்லை என்றது, கறுப்பின நோயாளிகளிடம் அது இன்னும் மோசம் என்றது. எவருடைய மரபணுவில் கணக்குப் போடப்பட்டதோ அவருக்கே அது பொருந்துகிறது.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கே இந்திய மரபணுத் தொகுப்புத் திட்டம் 83 மக்கள் குழுக்களிலிருந்து சுமார் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்து, 2025-இல் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்தது. அகமணம் நெடுங்காலம் நிலைத்த சமூகத்தில் சில மரபணு வடிவங்கள் சில குழுக்களில் திரண்டு நிற்கும். ஆரிய வைசிய சமூகத்தில் சிலருக்கு அறுவைக் கூடத்தில் தரும் சக்சினைல்கோலின் மருந்தைச் சிதைக்கும் நொதி இல்லாமையும், அவர்கள் மூச்சுத் திரும்ப நெடுநேரம் ஆவதும் மயக்கவியல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே மரபணுச் சோதனைகூட வேண்டியதில்லை. உறவினர் யாருக்காவது ஆபரேஷனில் அப்படி நேர்ந்ததா என்று ஒரு கேள்வி கேட்டாலே எச்சரிக்கை கிடைத்துவிடும். ஆனால் சாதியை மருத்துவக் குறியாக்கினால், குழுவுக்குள் பாதிக்கப்படாத பெரும்பாலானோரையும் குழுவுக்கு வெளியே பாதிக்கப்பட்டவர்களையும் ஒருசேரத் தவறவிடுவோம். சாதி விசாரிப்புக்கு மருத்துவமனையிலும் ஒரு கதவைத் திறந்துவைப்பது சமூக அளவில் எவ்வளவு ஆபத்தானது என்பது தனி விவாதம்.

மரபணு வழி ஐயமின்றி வென்ற இடங்களும் உண்டு. அபாகவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் கடும் ஒவ்வாமையை ஒரு சோதனை முன்கூட்டியே தடுக்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே வரும் ஒருவகை நீரிழிவில், மரபணு தெரிந்தபின் குழந்தையை இன்சுலின் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்ற முடிகிறது. சென்னையில் இந்தச் சோதனை நடைமுறையில் இருக்கிறது. இவற்றின் பொதுத்தன்மை: மரபணு ஒன்று, விளைவு பெரிது, மாற்று கைவசம் இருக்கிறது. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கும் நோய்களில் இந்த நிபந்தனைகள் அரிதாகவே சேர்கின்றன.

சர்க்கரை: வகையா, இலக்கா?

நீரிழிவில் இரண்டு போக்குகள். ஒன்று, நோயையே துணை வகைகளாகப் பிரிப்பது. 2018-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஐந்து வகை என்றார்கள். 2020-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட குழு 19,084 இந்தியர்களின் தரவில் நான்கு வகை கண்டது. இன்சுலின் பற்றாக்குறையும் எதிர்ப்பும் ஒருசேர உள்ள ஒரு வகை ஸ்வீடனில் இல்லாதது. ஆனால் வகை பிரிக்கத் தேவையான சி-பெப்டைடு சோதனை வட்டார மருத்துவமனைகளில் வழக்கமானதல்ல; வகை பார்த்துத் தொடங்கிய சிகிச்சை மேலானது என்ற சான்றும் இன்னும் முதிரவில்லை.

மற்றது எளிமையானது: இலக்கை மாற்றுவது. 2008-இல் அக்கார்ட் என்ற சோதனை, சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்த குழுவில் இறப்பு கூடியதால் அந்தப் பகுதியை முன்கூட்டியே நிறுத்தியது. எல்லோருக்கும் ஒரே எண் என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. தனியே வாழும் எழுபத்தைந்து வயது மூதாட்டிக்குத் தாழ்சர்க்கரை மயக்கமே பெரிய ஆபத்து. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இருபது ஆண்டுகள் கழித்து வரப்போகும் கண், சிறுநீரகப் பாதிப்பு. இதை அறிய எந்த ஆய்வகமும் தேவையில்லை. மருத்துவருக்கு நேரம் தேவை. புறநோயாளிப் பிரிவில் மிகவும் அரிதான சரக்கு அது.

எடை, மூச்சு, எழுந்து நிற்கும் தெம்பு

2022-இல் தமிழ்நாடு 30 மாவட்டங்களில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியான எல்லோரிடமும் உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்த ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் பார்க்கச் சொன்னது. அபாயக்குறி இருந்தால் உள்நோயாளியாகச் சேர்த்துக் கவனிப்பு; மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. மாத்திரை ஒன்றேதான். யாருக்குப் படுக்கை, யாருக்குக் கூடுதல் உணவு என்பதே ஆளுக்கேற்ப மாறுகிறது. தொடக்க வார இறப்புகள் குறைந்ததாகத் திட்டத்தோடு தொடர்புடையவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய சோதனையாக அது இல்லாததால் எவ்வளவு பங்கு இந்தத் திட்டத்துக்கு உரியது என்று அறுதியிட முடியாது. இருந்தாலும், ஆளுக்கேற்ற மருத்துவம் என்றாலே மரபணுக் கூடம் என்று நினைக்கும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

மக்களைத் தேடி மருத்துவம் இதே திசையில் இன்னொரு அடி. 2020-இல் எடுத்த மாநிலக் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. இங்கே அளவெடுக்கப்படுவது உடல் அல்ல, வாழ்க்கை: கூலி வேலையை விட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாதவர், நடக்க இயலாதவர். வீடு தேடி வரும் மாத்திரை, அளவு மாற்ற வேண்டிய நேரத்தில் மருத்துவரைப் பார்க்கும் வாய்ப்பைக் குறைத்துவிடுமோ என்ற ஐயம் நியாயமானது.

திறந்திருப்பவை

இவ்வளவையும் எடைபோட்டால் சில முடிவுகள் ஓரளவு உறுதி. தவறினால் விளைவு திடீரெனவும் கொடிதாகவும் இருக்கும்போதும், மாற்று மருந்து கைவசம் இருக்கும்போதும் தனியாளைச் சோதிப்பது பயன்தரும். மருந்தின் அளவையோ இடைவெளியையோ துணை மருந்தையோ மாற்றி வேறுபாட்டைச் சமாளிக்க முடிந்தால் பொது முறையே மேல். குறிப்பாகப் பணமும் ஆளும் குறைந்த இடங்களில்.

தீராதவை அதிகம். நாடி பார்த்தலின் ஒத்திசைவைப் பெரிய அளவில், இரு தரப்பும் ஏற்கும் விதிகளோடு சோதிக்க வேண்டியிருக்கிறது. சித்த மருத்துவத்தின் உரிமைகோரல் நிற்பதும் விழுவதும் அதில்தான். இந்திய மரபணுத் தரவு மருந்துச்சீட்டை மாற்றுமா, ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிடுமா என்பதைச் சொல்ல இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். அண்ணாமலை நகரில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி 2021-இல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்த கல்லூரி போன்ற இடங்களுக்குக் கேள்வி இன்னும் குறுகலானது. பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் மருந்தாளுமைத் துறை. வார்டில் வயதானவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள், ஆறேழு மாத்திரை ஒன்றாக விழுங்குபவர்கள். அவர்களின் கிரியாட்டினின் பார்த்து அளவு குறைப்பதும், தேவையற்ற மாத்திரையை நிறுத்துவதும் மரபணுச் சோதனையைவிட அதிக உயிர்களைக் காக்குமா? காக்கும் என்று கருத இடமிருக்கிறது. இரண்டையும் ஒரே மாவட்டத்தில், ஒரே நிதிக்குள் நேருக்கு நேர் வைத்துச் சோதித்தால்தான் அது ஊகம் என்ற நிலையைத் தாண்டும்.